ரெஃபரன்ஸ் வைத்து எடுத்த கிட் குளோன், மூலத்தை அழித்ததும் முடங்கிவிட்டது

பனங்கிழங்கு:
கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில், லினக்ஸ் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) மடிக்கணினியில் இரண்டு குளோன்கள் (நகல்கள்) வைத்திருந்தேன். முதலாவதை இணையத்திலிருந்து முழுதாக இறக்கினேன். இரண்டாவதை எடுக்கும்போது --ரெஃபரன்ஸ் போட்டு முதலாவதைக் காட்டினேன். சில நிமிடங்களில் வேலை முடிந்தது, இடமும் மிச்சம். நேற்று வட்டு நிரம்பியதால், எல்லாம் இரண்டாவதில் இருக்கிறதே என்று முதலாவதை அழித்துவிட்டேன். இப்போது வரலாற்றைக் காட்டும் கிட் லாக் கட்டளையைப் போட்டால், நான் எழுதிய 11 கமிட்களில் (பதிவு செய்த மாற்றங்கள்) 10 வருகிறது. அதற்கு மேல் பெற்றோர் கமிட்டை (அதற்கு முந்தையதை)ப் படிக்க முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. முன்பு உள்ளூரிலேயே சாதாரணமாகக் குளோன் எடுத்து மூலத்தை அழித்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே?

வழிப்போக்கன்:
அடைவை அழித்துவிட்டுப் புதிதாகக் குளோன் எடுங்கள். ஒரு மணி நேர வேலை.

பனங்கிழங்கு:
அந்த 11 கமிட்களையும் எங்கும் புஷ் செய்யவில்லை (வேறு சர்வருக்கு அனுப்பவில்லை) ஐயா. மூன்று வார உழைப்பு.

ஆந்தைக்கண்:
எதையும் அழிக்காதீர்கள். முதலில் அந்த அடைவை அப்படியே வெளி வட்டில் நகலெடுத்துவிடுங்கள்.

உங்கள் கமிட்கள் பத்திரமாக இருக்கின்றன. கிட் லாக் 10 காட்டியதே சாட்சி. சாதாரண உள்ளூர் குளோன் ஒரே வட்டில் ஹார்ட் லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) போட்டுக்கொள்ளும், மூலம் போனாலும் கோப்பு நிற்கும். --ரெஃபரன்ஸ் அப்படியல்ல, அது கடன். மூலத்தில் இருக்கும் ஆப்ஜெக்ட்களை (கோப்புகளையும் கமிட்களையும் கிட் சேமிக்கும் துண்டுகள்) நகலெடுக்காமல், அவை இருக்கும் பாதையை மட்டும் .கிட்/ஆப்ஜெக்ட்ஸ்/இன்ஃபோ/ஆல்டர்னேட்ஸ் என்ற கோப்பில் எழுதி வைக்கும். திறந்து பாருங்கள், நீங்கள் அழித்த அடைவின் பாதை ஒற்றை வரியாக இருக்கும்.

கடன் கொடுக்க வேறொருவரைப் பிடிக்க வேண்டியதுதான். வெளி வட்டில் கெர்னலை முழுதாகக் குளோன் எடுங்கள் (--டெப்த் 1 வேண்டாம், பழைய வரலாறு வராது). அதன் .கிட்/ஆப்ஜெக்ட்ஸ் பாதையை அந்த வரியின் இடத்தில் எழுதுங்கள். எல்லாம் சரியா என்று சோதிக்கும் கிட் எஃப்எஸ்சிகே பிழை இல்லாமல் முடிந்தால், ஆப்ஜெக்ட்களை ஒரே பொதியாகக் கட்டும் கிட் ரீபேக் -ஏ -டி கொடுங்கள். கடன் வாங்கியதெல்லாம் சொந்தமாகிவிடும். பிறகு ஆல்டர்னேட்ஸ் கோப்பை நீக்கலாம்.

பனங்கிழங்கு:
ரீபேக் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. கோப்பை நீக்கினேன், மறுபடியும் அதே பிழை!

ஆந்தைக்கண்:
அவ்வளவு சீக்கிரம் முடிய வாய்ப்பே இல்லையே. கொடுத்த கட்டளையை அப்படியே எழுதுங்கள்.

பனங்கிழங்கு:
கிட் ரீபேக் -ஏ -டி -எல். என் பழைய குறிப்பேட்டில் அப்படித்தான் இருந்தது.

ஆந்தைக்கண்:
அந்த -எல்தான் வினை. கடன் வாங்கிய ஆப்ஜெக்ட்களைத் தொடாதே என்பது அதன் பொருள். ஆல்டர்னேட்ஸ் கோப்பை மீண்டும் எழுதி, -எல் இல்லாமல் ஓட்டுங்கள். வட்டில் சில ஜிபி காலியாக இருக்கட்டும்.

பனங்கிழங்கு:
இந்த முறை விசிறி இரைந்தது, தேநீர் குடித்துவிட்டு வந்தும் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் கோப்பை நீக்கி, வெளி வட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். 11 கமிட்களும் அவற்றுக்கு முந்தைய வரலாறும் வருகின்றன. முதல் காரியமாகப் புஷ் செய்துவிட்டேன். மிக்க நன்றி.

ஆந்தைக்கண்:
இனி --ரெஃபரன்ஸுடன் --டிசோசியேட் சேர்த்துப் போடுங்கள். இறக்கத்துக்கு மட்டும் கடன் வாங்கிக் கையோடு தீர்த்துவிடும். 2015-இல் வந்த 2.3 பதிப்பிலிருந்தே இருக்கிறது. இரண்டு கிளைகளை அருகருகே திறந்து வைப்பதுதான் தேவை என்றால், இரண்டாவது குளோனே வேண்டாம், ஒரே குளோனின் கிளைகளைத் தனித்தனி அடைவுகளில் திறக்கும் கிட் வொர்க்ட்ரீ போதும்.