பிசி ஆப்டிமைசர் போட்டால் வேகம் கூடுகிறதா? வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

மெதுவண்டி:
நண்பர்களே, என்னுடையது ஐந்தாம் தலைமுறை ஐ3 லேப்டாப், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் க்ரோம் திறந்திருக்காது. ஒரு ஆப்டிமைசர் மென்பொருளின் இலவசப் பதிப்பைப் போட்டேன். ஸ்கேன் முடிந்ததும் ஆயிரத்துக்கு மேல் பிரச்சினை என்று சிவப்பில் காட்டியது, பாதியைச் சரி செய்தது, மீதிக்குப் பணம் கட்டச் சொல்கிறது. ரீஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் வேகமாக இருக்கிற மாதிரிதான் தெரிகிறது, ஆனால் அது உண்மையா என் மனசா என்று புரியவில்லை. காசு கட்டுவதற்கு முன் நானே அளந்து பார்க்க வழி உண்டா?

சிபியு_சித்தர்:
உண்டு. முதலில் அந்த மென்பொருள் காட்டும் மதிப்பெண்ணை மறந்துவிடுங்கள், கேள்வித்தாளும் அதுவே, விடைத்தாள் திருத்துவதும் அதுவே.

பூட் ஆக, அதாவது ஆன் ஆகித் தயாராக, எவ்வளவு நேரம் ஆகிறது என்று விண்டோஸே குறித்து வைக்கிறது. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், ஆபரேஷனல் என்று உள்ளே போனால் 100 என்ற எண்ணுள்ள பதிவுகள் இருக்கும். பூட் ஆக எவ்வளவு மில்லி செகண்ட் ஆனது என்று அதில் வரும். டெஸ்க்டாப் தெரிந்த பிறகு பின்னணி வேலைகள் அடங்குகிற நேரமும் அதில் சேர்த்தி, உங்களுக்கு எரிச்சல் தருவதே அந்தப் பகுதிதான்.

ஷட் டவுன் செய்து ஆன் செய்து அளக்காதீர்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் இல்லை, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அடுத்த முறை அப்படியே எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட்தான் முழுசாகப் புதிதாக ஏறும். ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யவும் கூடாது, பின்னால் அப்டேட் ஓடினாலோ விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ஸ்கேன் செய்தாலோ எண் எகிறிவிடும். மென்பொருளை ஓட்டாமல் ஐந்து ரீஸ்டார்ட், ஓட்டிய பிறகு ஐந்து ரீஸ்டார்ட், இரண்டிலும் எண்களை வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுத்து ஒப்பிடுங்கள். ஓட்டாமல் எடுக்கிற அந்த ஐந்துதான் முக்கியம், ஏனென்றால் பல நாளாக ஸ்லீப்பிலேயே கிடந்த மெஷினை வெறுமனே ரீஸ்டார்ட் செய்தாலே வேகமாகத்தான் இருக்கும், அந்தப் பெயரை ஆப்டிமைசர் தட்டிக்கொண்டு போய்விடும். க்ரோம் திறக்கிற நேரத்துக்கு போன் ஸ்டாப்வாட்ச் போதும், அதை மட்டும் வீட்டில் வேறு யாரையாவது பிடித்து, ஆப்டிமைசரை ஓட்டினார்களா இல்லையா என்று உங்களுக்குச் சொல்லாமல் இருக்கச் சொல்லி அளந்து பாருங்கள்.

கில்லி_கேமர்:
எல்லோரும் ஆப்டிமைசரைத் திட்டுவது ஃபேஷனாகிவிட்டது. என் பழைய டெஸ்க்டாப்பில் போட்டதும் பூட் நேரம் கண்கூடாகக் குறைந்தது, பிரமை எல்லாம் இல்லை.

சிபியு_சித்தர்:
குறைந்திருக்கும் ப்ரோ, நான் மறுக்கவில்லை. அது செய்த வேலைகளில் எதனால் குறைந்தது என்பதுதான் கேள்வி. ஸ்டார்ட்அப்பில் வரிசை கட்டி நிற்கிற புரோகிராம்களை நிறுத்தியிருக்கும். அதை டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்துக்குப் போய் நீங்களே காசில்லாமல் செய்யலாம், எது எவ்வளவு பாரம் என்றுகூட எழுதியிருக்கும். சி டிரைவ் நிரம்பி வழிந்தால் குப்பையை நீக்குவதும் பலன் தரும், அதற்கும் விண்டோஸிலேயே வழி இருக்கிறது.

மற்றவைதான் வேடிக்கை. விண்டோஸும் புரோகிராம்களும் தங்கள் அமைப்புகளைக் குறித்து வைக்கிற ரெஜிஸ்ட்ரியில் லட்சக்கணக்கில் பதிவுகள் உண்டு, புரோகிராம்கள் தமக்கு வேண்டிய பாதையில் நேராகப் போய் எடுத்துக்கொள்ளும், எங்கோ மூலையில் அநாதையாகக் கிடக்கிற சில நூறு வரிகளைத் துடைத்தால் வேகத்தில் எதுவும் தெரியாது. தவறானதைத் துடைத்தால் விண்டோஸே ஏறாமல் போகலாம், ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. அப்புறம் அந்த ரேம் பூஸ்ட் பட்டன். ஓடுகிற புரோகிராம்களின் நினைவகத்தைப் பிடுங்கி வெளியே தள்ளும், காலி ரேம் கூடியதாகக் காட்டும், நீங்கள் க்ரோமுக்குத் திரும்பினால் அதையெல்லாம் டிஸ்க்கிலிருந்து மறுபடி படிக்க வேண்டிவரும். ஹார்ட் டிஸ்க் மெஷினில் இதைவிடக் கெடுதல் வேண்டுமா?

பழையபிசி:
இந்தக் கூத்து 1995லேயே தொடங்கிவிட்டது. சாஃப்ட்ரேம் 95 என்று ஒன்று, ரேமை இரட்டிப்பாக்கும் என்று சொல்லி லட்சக்கணக்கில் விற்றார்கள். பிரித்துப் பார்த்தால் ரேமைச் சுருக்குகிற வேலையே நடக்கவில்லை, ஏமாற்று வணிகத்தைத் தடுக்கிற அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் வரைக்கும் போனது. 2019ல் இன்னொரு வழக்கு முடிந்தது. அங்கே ஆஃபிஸ் டிப்போ கடைகளில் இலவசமாக பிசி சோதனை செய்து தந்தார்கள். தொடக்கத்தில் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதா என்பது போல நான்கு கேள்விகள், ஒன்றுக்கு டிக் அடித்தாலே வைரஸ் அறிகுறி என்று முடிவு வந்துவிடும், ஸ்கேன் எதைக் கண்டுபிடித்தது என்பதே பொருட்டில்லை. அந்தக் கடையும் மென்பொருள் கொடுத்த சப்போர்ட்.காம் நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டின. உங்கள் ஆயிரம் சிவப்புப் பிரச்சினைகளையும் அந்தக் கண்ணோடு பாருங்கள் தம்பி.

பெயர் பெற்றதும் விதிவிலக்கு இல்லை. 2017ல் சிகிளீனர் என்ற பிரபலமான கிளீனர் மென்பொருளின் அதிகாரப்பூர்வப் பதிப்பு ஒன்றிலேயே யாரோ தீங்கு செய்யும் மால்வேரை நுழைத்துவிட்டார்கள், 20 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களில் அது இறங்கியது. பூட் நேரம் குறைக்க வந்ததற்கு முழு அனுமதியும் கொடுத்து உட்கார வைக்கிறோம் என்பதை யோசிக்க வேண்டும்.

மெதுவண்டி:
சித்தர் சொன்ன மாதிரி செய்து பார்த்தேன். ஸ்டார்ட்அப்பில் தேவையில்லாததை எல்லாம் நிறுத்தியதும் நன்றாகக் குறைந்தது. அதற்கு மேல் ஆப்டிமைசரை ஓட்டிப் பார்த்தால் ஒரு தடவை குறைகிறது, ஒரு தடவை கூடுகிறது, வித்தியாசம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஸ்டார்ட்அப் பட்டியலைப் பார்த்தால் அந்த ஆப்டிமைசரும் அதில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதன் பாரம் 'ஹை' என்று வேறு காட்டுகிறது! இப்போதும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% இல் நிற்கிறது. அந்தக் காசுக்கு வேறு என்ன செய்யலாம்?

பழையபிசி:
எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க். உங்கள் மாடலில் அநேகமாக 2.5 அங்குல, சாட்டா இணைப்புள்ள டிஸ்க்தான் இருக்கும், கழற்றிவிட்டு அதே இடத்தில் போடலாம். டிவிடி டிரைவ் இருந்தால் அதை எடுத்துவிட்டு டிஸ்க்கைப் பொருத்துகிற சட்டமான கேடி ஒன்று வாங்கிப் பழைய டிஸ்க்கை அங்கே செருகிக்கொள்ளுங்கள், படங்கள் வைக்க உதவும். மிச்சம் இருந்தால் ரேமை 8 ஜிபி ஆக்குங்கள், ரேம் வகை டிடிஆர்3எல் தானா என்று பழைய ஸ்டிக்கைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், கடையில் டிடிஆர்4 கொடுத்தால் பொருந்தாது.

சிபியு_சித்தர்:
எஸ்எஸ்டி போட்டதும் அதே 100ஆம் எண் பதிவை எடுத்து இங்கே போடுங்கள். இன்னொன்று, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, ஐந்தாம் தலைமுறைக்கு விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கிடையாது. பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுப்பதற்கு (குளோன்) முன், இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை பென் டிரைவில் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.