அம்மாவின் பயாப்ஸி அறிக்கையில் ‘ஹெர்-2: 2+’ என்று உள்ளது; சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

திண்டுக்கல் மகள்:
என் அம்மாவுக்கு வயது 58. இடது மார்பில் புளியங்கொட்டை அளவில் இருந்த கட்டியை, வலிக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் பல மாதங்கள் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். அது எலுமிச்சை அளவுக்கு வளர்ந்து, அக்குளிலும் நெறி கட்டிய பிறகே எங்களுக்குத் தெரிந்தது. ஊசி வழியே சதை எடுத்துச் சோதித்த அறிக்கையில் மார்பகப் புற்றுநோய், கிரேடு 3, இ.ஆர். பாசிட்டிவ், பி.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 2+ என்று எழுதியிருக்கிறார்கள். ‘ஃபிஷ்’ என்ற இன்னொரு சோதனையின் முடிவு வர ஏறக்குறைய பத்து நாள் ஆகும் என்றும், அதன்பின் முதலில் கீமோ, பிறகே அறுவை என்றும் மருத்துவர் சொல்கிறார். கிரேடு 3 என்றால் மூன்றாம் கட்டம் என்று அண்ணன் கலங்கிப்போயிருக்கிறார். ஊசி குத்தியதால் நோய் பரவிவிடும் என்று பெரியப்பா கோபப்படுகிறார். பத்து நாள் காத்திருப்பது சரிதானா? அம்மாவிடம் ‘நீர்க்கட்டி’ என்றே சொல்லி வைத்திருக்கிறோம்.

ஆய்வகத்தான்:
சகோதரி, நான் நோயியல் ஆய்வகத்தில் பணிபுரிபவன். சிகிச்சை அளிக்கும் மருத்துவன் அல்லன். கிரேடு வேறு, கட்டம் வேறு. புற்றணுக்கள் இயல்பான அணுக்களிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பதை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வது கிரேடு. கட்டியின் அளவு, நெறிகளில் பரவல், நுரையீரல், ஈரல், எலும்பு போன்ற இடங்களுக்குச் சென்றிருக்கிறதா என்பவற்றைக் கொண்டு சொல்வது கட்டம். அதற்கான ஸ்கேன்கள் முடியாமல் அண்ணன் கட்டத்தை முடிவு செய்ய வேண்டாம்.

ஹெர்-2 என்பது புற்றணுக்களை வேகமாக வளரத் தூண்டும் ஒரு புரதம். அதற்கான சாயச் சோதனையில் 0, 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் நிலை. சாயம் பாதியளவே பிடித்திருக்கும்போது கண்ணளவில் முடிவு சொல்ல இயலாது. ஆகவே அதே சதைத் துண்டில் ஒளிரும் சாயம் ஏற்றி, அணுக்களில் ஹெர்-2 புரதத்தை உண்டாக்கும் மரபணுவைக் குறிக்கும் புள்ளிகளை ஒன்றொன்றாக எண்ணுகிறோம், அதுதான் ஃபிஷ். பாசிட்டிவ் என்று வந்தால் அறுவைக்கு முந்தைய கீமோவுடனேயே, ஹெர்-2 புரதத்தைக் குறிவைத்துத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் ஊசியும் சேரும். இல்லையென்றால் மருந்துத் திட்டமே வேறு. அதனால் இந்தப் பத்து நாளை வீண் தாமதமாக நான் கருத மாட்டேன். பல மாதங்கள் வளர்ந்த கட்டிக்கு, தவறான மருந்தில் தொடங்குவதே பெரிய இழப்பு. இ.ஆர்., பி.ஆர். பாசிட்டிவ் என்றால், பெண்மைக்குரிய ஹார்மோன்கள் இந்தப் புற்றணுக்களை வளரத் தூண்டுகின்றன என்று பொருள்; அதனால் பின்னாளில் குறைந்தது 5 ஆண்டுகள் ஹார்மோன் தடுப்பு மாத்திரை உண்டு.

பெரியப்பாவிடம் பணிவாகச் சொல்லுங்கள்: இந்த ஊசி குத்தியதால் நோய் உடலெங்கும் பரவும் என்பது சரியன்று, இந்தத் துண்டு இல்லாமல் மேலே சொன்ன எதையும் அறிய வழியில்லை. ஒன்றை மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள். கீமோவில் கட்டி முழுவதும் கரைந்துவிட்டால் அறுவையின்போது இடம் தெரியாமல் போகும் என்பதால், முன்கூட்டியே சிறிய உலோக அடையாளம் ஒன்றை உள்ளே வைப்பதுண்டு; அது அம்மாவுக்குத் தேவையா?

கரூர்க்காரர்:
என் மனைவிக்கு இதே சிகிச்சை நடந்தது. காத்திருக்கும் நாளில் இதயத்துக்கான எக்கோ, பல் மருத்துவர், காப்பீட்டு அட்டை ஆகியவற்றை முடித்துவிடுங்கள். நல்ல தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை, தொற்றை எதிர்க்கும் இரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைக்காமல், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நாங்கள் சென்றபோது அவசரப் பிரிவில் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணி ஒரு மணி நேரம் வரிசையில் உட்கார வைத்தார்கள். கீமோ சீட்டை நீட்டிய பிறகே ஊசி மருந்து ஏறியது; அந்தச் சீட்டு எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.

சிவப்பு நிற மருந்து ஏற்றினால் ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். இரத்தம் என்று பயந்துவிடாதீர்கள். வாந்தியைத் தடுக்கும் மாத்திரையால் மலச்சிக்கல் வரும், அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. வாய்ப்புண் வந்தால் வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிக்கலாம். காரத்தை அறவே விடுங்கள்.

வலிநிவாரணச் செவிலி:
நீர்க்கட்டிக்கு முடி கொட்டாது அம்மா. முதல் கீமோ முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் தலையணையில் கற்றையாக முடி கிடக்கும்போது, உங்கள் தாயார் உங்களிடமே கேட்கத் தயங்கி, பக்கத்துப் படுக்கைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். இதை வார்டில் பலமுறை பார்த்திருக்கிறேன். ‘டாக்டர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா?’ என்று கேட்டுத் தொடங்குங்கள். அவர் கேட்குமளவுக்கு மட்டும் சொல்லுங்கள். வலிநிவாரணப் பிரிவுக்கு அனுப்பினால் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள் கொள்ளாதீர்கள். வலி, வாந்தி, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றைச் சிகிச்சையின் தொடக்கத்திலிருந்தே நாங்கள் கவனிக்கிறோம்.

திண்டுக்கல் மகள்:
அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு பூப்பறித்து முடித்த கையோடு அம்மாவிடம் கேட்டேன். ‘கட்டியைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும், நீங்கள்தான் பயப்படுகிறீர்களே என்று இருந்தேன்’ என்றார். எக்கோவுக்கு வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறோம். அந்த உலோக அடையாளம் பற்றி அன்றே கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.