எவரும் இறக்காத கப்பல் பஞ்சத்தின் நினைவாகுமா?

கேள்வி: அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் லிஃபி ஆற்றங்கரையில் ‘ஜீனி ஜான்ஸ்டன்’ மாதிரிக் கப்பல் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. பஞ்சத்துக்குத் தப்பிப் புலம்பெயர்ந்தோரை ஏற்றிக்கொண்டு 1848 முதல் 1855 வரை வட அமெரிக்காவுக்குப் பதினாறு முறை சென்ற மூலக் கப்பலில் பயணிகள் ஒருவர்கூட இறக்கவில்லை என்கிறார்கள். 1840களில் அயர்லாந்தில் பத்து லட்சம் பேரைப் பலிகொண்ட உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் அடையாளமாக இதைத் தேர்ந்தது பொருத்தமா?

மறுமொழி 1: அந்தச் சிறப்பு தற்செயலானதன்று. ரிச்சர்ட் பிளெனர்ஹாசெட் என்ற மருத்துவர் உடன் சென்றதும், கப்பலின் தூய்மை பேணப்பட்டதும், பயணிகள் மேல்தளத்தில் காற்று வாங்க அனுமதிக்கப்பட்டதும் முக்கியக் காரணங்கள். அக்காலக் கப்பல்களில் பலரைக் கொன்ற டைஃபஸ் காய்ச்சலைப் பேன்களே பரப்புகின்றன என்பதை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை என்பதையும் கருத வேண்டும்.

மறுமொழி 2: எனினும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1847இல் பிற கப்பல்களில் நோயுற்று வந்தோருள் ஆயிரக்கணக்கானோர் கனடாவின் கியூபெக் அருகிலுள்ள குரோஸ் ஈல் தீவில் புதைக்கப்பட்டனர். அக்கப்பல்களுக்குச் ‘சவப்பெட்டிக் கப்பல்கள்’ என்ற பெயர் சும்மா வரவில்லை. இம்மாதிரிக் கப்பலை மட்டும் பார்த்துத் திரும்புவோர் அந்தக் கடற்பயணத்தை மென்மையாக எண்ணிவிடக்கூடும். அருகிலேயே சிற்பி ரோவன் கில்லெஸ்பி வடித்த, எலும்பும் தோலுமான வெண்கல உருவங்கள் நிற்கின்றன. இரண்டையும் சேர்த்தே காண வேண்டும் என்பது என் கருத்து.

மறுமொழி 3: வாய்ப்பிருந்தால் அயர்லாந்தின் நியூ ராஸ் நகரிலுள்ள ‘டன்பிராடி’ மாதிரிக் கப்பலையும் பாருங்கள். கனடாவிலிருந்து மரம் ஏற்றிவந்த சரக்குக் கப்பல்களே திரும்பும்போது மனிதர்களை ஏற்றிச் சென்றன என்பது அதன் கீழ்த்தளத்தின் நெருக்கடியைக் கண்டால் விளங்கும்.