செயின்சா அறுப்பு வலப்பக்கம் வளைகிறது: பாரைச் சரிசெய்யலாமா, மாற்ற வேண்டுமா?

பெட்ரோல் செயின்சா, 58 சிசி, 18 இன்ச் பார் (விளிம்புப் பள்ளத்தில் செயின் ஓடும் நீளத் தகடு). செயின் .325 பிட்ச் (கண்ணி இடைவெளி), .058 கேஜ் (பள்ளத்தில் ஓடும் கண்ணியின் தடிமன், இரண்டும் இன்ச்சில்), 72 லிங்க். இடம் பொள்ளாச்சி. ஆடிக் காற்றில் சாய்ந்த தென்னைகளை அறுக்கத் தொடங்கியதிலிருந்து இந்தத் தொல்லை: அரையடி ஆழம் போனதும் வெட்டு வலப்பக்கம் வளைகிறது, பார் இறுகி நின்றுவிடுகிறது. தூளாக வரவில்லை, சீவல் நன்றாகவே வருகிறது. அதனால் மொட்டைப் பல் என்று தோன்றவில்லை.

பிளக் வயரைக் கழற்றி, பாரை வைஸில் பிடித்து, கையுறை போட்டுத்தான் எல்லாம் செய்தது. 4.8 மி.மீ. உருண்டை அரத்தால் 30 டிகிரியில் ராவினேன். தென்னையின் வெளிவைரம் பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும் என்பதால் டேங்குக்கு ஒருமுறை ராவல் உண்டு. வெர்னியரில் அளந்து இடம், வலம் இரண்டு பக்கப் பற்களையும் மிகக் குட்டையான பல்லின் நீளத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. ரேக்கர் (வெட்டும் ஆழத்தைக் கட்டுப்படுத்த ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் உள்ள மேடு) எல்லாம் பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்வு. ஆயில் துளை சுத்தம், பாரைத் திருப்பியும் போட்டாயிற்று. பாரின் இரு விளிம்புகளையும் மூலைமட்டம் வைத்துச் சமமாக ராவியும் பலனில்லை.

புதுச் செயின் மாட்டினால் வளைவு குறைகிறதே தவிர நிற்கவில்லை. செயினை விரலால் தள்ளினால் பக்கவாட்டில் சாய்கிறது, 1.5 மி.மீ. இருக்க வேண்டிய பள்ளத்தில், பாரின் நடுப்பகுதியில் 1.8 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) நுழைகிறது. நுனிச் சக்கரத்தில் ஆட்டம் இல்லை.

இவ்வளவு அகன்ற பள்ளத்தை விளிம்பை நெருக்கிச் சரிசெய்தால் நிலைக்குமா, புது பார்தான் வாங்க வேண்டுமா?