தெங்காவில் குடிவந்து ஐந்து மாதம்: வசதிகள் வரும்வரை எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது?

தெங்கா_மாடி11 (செப்டம்பர் 2024)

வணக்கம். சிங்கப்பூரின் மேற்கில் புதிதாக எழும் தெங்கா நகரில், பிப்ரவரியில் சாவி வாங்கி ஏப்ரலில் குடிவந்தோம். பிளாண்டேஷன் வட்டாரம், பதினோராவது மாடி. நான், கணவர், இரண்டரை வயது மகன், என் அத்தை (கணவரின் அம்மா). வீடு எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பரில் இந்த நகரின் முதல் பிடிஓ (விண்ணப்பம் வாங்கிவிட்டுக் கட்டித்தரும் அரசு அடுக்குமாடி வீடு) வந்தபோதே விண்ணப்பித்து, ஐந்து வருஷத்துக்கு மேல் காத்திருந்து வந்தவர்கள் நாங்கள்.

சிரமமெல்லாம் மின்தூக்கியை விட்டு இறங்கிய பிறகுதான். சின்ன சூப்பர்மார்க்கெட் ஒன்று இருக்கிறது. மற்ற எதற்கும் பஸ் ஏற வேண்டும். அத்தைக்குச் சர்க்கரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பலதுறை மருந்தகத்தில் (அரசு பாலிகிளினிக்) ரத்தப் பரிசோதனை, வெறும் வயிற்றோடு. போன முறை காலை ஏழே காலுக்கு நிறுத்தத்தில் நின்றோம். முதல் பஸ் நிரம்பி வந்து நிற்காமலே போனது. அடுத்ததற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் கட்டுமான வேலி, மறுபக்கம் சாலை, சாய்ந்தடிக்கும் சாரல். அத்தைக்குக் கை நடுங்கத் தொடங்கி, நெற்றி வியர்த்துவிட்டது. மகனுக்கு வைத்திருந்த பிஸ்கட்டைப் பிரித்து அவர் வாயில் வைத்தேன். அன்றைக்குப் பரிசோதனை நடக்கவில்லை.

மகனுக்குக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்திலும் காத்திருப்புப் பட்டியல்தான். தினமும் பக்கத்து நகரில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறேன்.

42,000 வீடுகள் வரப்போகும் நகரம் இது. வரைபடத்தில் மருந்தகம், சந்தை, கார் ஓடாத நகர மையம் எல்லாம் இருக்கின்றன. ஜூரோங் வட்டார ரயில் பாதை 2027இல் திறக்கத் தொடங்கும் என்கிறார்கள், எங்கள் பிளாண்டேஷன் நிலையம் அடுத்த கட்டத்தில், 2028இல். அதுவரை எப்படி? முன்னர் இப்படியே புது நகரங்களாக எழுந்த பொங்கோல், செங்காங் பக்கம் ஆரம்பத்தில் குடிவந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள். எதைக் கேட்டால் கிடைத்தது?

பொங்கோல்_2002

தங்கச்சி, அத்தை இப்போது எப்படி இருக்கிறார்கள்? படித்ததும் மனசு கனத்துவிட்டது.

நான் 2002இல் பொங்கோலுக்கு வந்தவன். அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் ‘பொங்கோல் 21’ திட்டத்தை அறிவித்தது 1996இல். மறுவருஷமே ஆசிய நிதி நெருக்கடி வந்து கட்டுமானம் படுத்துவிட்டது. நாங்கள் வந்தபோது புளோக்கைச் சுற்றி இடுப்பளவு லாலாங் புல். ராத்திரி சாப்பிட்டதும் என் மகள் ஜன்னலில் நின்று எதிர் புளோக்கில் விளக்கு எரியும் வீடுகளை எண்ணுவாள். ஒருநாள் பதினேழு, இன்னொரு நாள் பத்தொன்பது. புதிதாக ஒரு விளக்கு எரிந்துவிட்டால் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவாள்.

அந்த விளக்குக் கணக்குதான் எங்களுக்கு எது எப்போது வரும் என்பதை முடிவு செய்தது. 2003 ஜூன் 20ஆம் தேதி வடகிழக்கு ரயில் பாதை திறந்தபோது பொங்கோல் நிலையமும் திறந்தது. ஆனால் அதே பாதையில் புவாங்கோக், உட்லீ நிலையங்களைக் கட்டி முடித்தும் பூட்டியே வைத்தார்கள், போதிய பயணிகள் இல்லை என்று. வேலைக்குப் போகும்போது இரண்டு நிலையங்களையும் ரயில் நிற்காமல் கடக்கும். 2005 ஆகஸ்டில் அமைச்சர் ஒருவர் அந்தப் பக்கம் வந்த நாளில், அட்டையில் வெட்டிய எட்டு வெள்ளை யானைகளைச் சாலையோரம் நிறுத்தி வைத்தார்கள் புவாங்கோக்கில். காசைக் கொட்டிக் கட்டிவிட்டுப் பயன்படாமல் கிடப்பதை ஆங்கிலத்தில் வெள்ளை யானை என்பார்கள் அல்லவா. 2006 ஜனவரியில் அந்த நிலையம் திறந்தது. உட்லீ 2011 வரை காத்திருந்தது.

எங்கள் எல்ஆர்டியின் (நகருக்குள் ஓடும் இலகு ரயில்) மேற்குப் பாதை 2014இல் வந்தது. அதில் டெக் லீ நிலையம் திறந்தது போன மாதம்! பத்து வருஷம் கழித்து, பக்கத்தில் பல்கலைக்கழக வளாகம் வந்த பிறகு. வாட்டர்வே பாயிண்ட் 2016, பலதுறை மருந்தகம் 2017, வட்டார நூலகம் 2023. நாங்கள் குடிவந்த வருஷம் பிறந்த என் மகன் நூலகம் திறந்தபோது தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணி) இருந்தான்.

பயமுறுத்தச் சொல்லவில்லை மா. உங்கள் நகரம் எங்களைவிட வேகமாக நிரம்புகிறது. நான் பட்டுத் தெரிந்துகொண்டது இதுதான்: சிமெண்ட் வேண்டிய வேலையை நாம் கேட்டு முன்னால் இழுக்க முடியாது. சக்கரம் உள்ளதை இழுக்கலாம். மருந்தகக் கட்டடம் எப்போது என்று கேட்டுக் கேட்டு நாங்கள் ஒரு வருஷத்தை வீணாக்கினோம். அப்புறம் பக்கத்து வீட்டு மலாய் அண்ணன் ஒருவர் யோசனை சொன்னார். இரண்டு வாரம், தினமும் காலை 6.45 முதல் 8 மணி வரை, ஆள் மாற்றி ஆள் நிறுத்தத்தில் நின்று எழுதினோம்: பஸ் வந்த நேரம், ஏற முடியாமல் நின்றவர்கள் எத்தனை பேர், அதில் தள்ளுவண்டிக் குழந்தைகள், கைத்தடிக்காரர்கள் எத்தனை பேர். அந்த நோட்டோடு நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போனோம். ‘பஸ் போதவில்லை’ என்று அதற்கு முன் பத்துக் கடிதம் எழுதியிருந்தோம், ஒன்றும் நடக்கவில்லை. நோட்டுக்குப் பிறகு இரண்டே மாதத்தில் காலையில் கூடுதல் பஸ் ஓடியது.

கடைக்காரர்_செங்காங்

அண்ணன் சொன்ன விளக்குக் கணக்கு எனக்கு வயிற்றில் உறைக்கிறது. புதுப் பேட்டையில் மினிமார்ட் போட்டவன் நான். நூறு வீடு நிரம்பியிருந்தாலும் அறுநூறு நிரம்பியிருந்தாலும் வாடகை ஒன்றுதான். ரொட்டி பத்துப் பாக்கெட் எடுத்தால் நாலு பழசாகிவிடும். கறிவேப்பிலை தினமும் வாடிக் குப்பைக்குப் போகும். குடியிருந்தவர்களும் வேலை முடிந்து வரும் வழியில் ரயில் நிலையத்துப் பக்கமே வாங்கிவிட்டு, என்னிடம் உப்புக்கும் முட்டைக்கும் வருவார்கள். பதினான்கு மாதத்தில் மூடிவிட்டேன். அடுத்த நாலு புளோக் நிரம்பியது அதற்கப்புறம்தான்.

அதனால் தங்கச்சிக்கு ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப் குழு வைத்து, வியாழன் ராத்திரிக்குள் யாருக்கு என்ன வேண்டும் என்று மொத்தமாகச் சேர்த்துக் கொடுங்கள். முப்பது வீடு சேர்ந்தால் தேக்கா சந்தையிலிருந்து மீன், கீரை, தேங்காய் எல்லாம் வேனில் கொண்டுவர ஆள் தயாராக இருப்பான். எத்தனை வேண்டும் என்று முன்கூட்டித் தெரிந்தால் சின்ன வியாபாரி துணிந்து வருவான். ஆரம்ப வருஷங்களில் குடிவந்த வீட்டுக் கணக்குப்படி வாடகை வாங்கினால் எத்தனையோ கடைகள் பிழைக்கும். இதை நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தாதி_ஜூரோங்

கடைக்கு ஆள் கணக்குப் பார்ப்பது நியாயம். பிள்ளைக்கும் நோயாளிக்கும் அதே கணக்கைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பிடிஓ வீட்டுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் புதுசாகக் கல்யாணமானவர்கள். முதல் சில வருஷம் நிறையக் குழந்தைகள் பிறக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், விண்ணப்பத்திலேயே வயசு இருக்கிறது. பராமரிப்பு நிலையம் முதல் புளோக்கோடு திறக்க வேண்டும், நிரம்பிய பிறகு அல்ல.

அக்கா, அத்தை விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதச் சர்க்கரை அளவு காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. வேறு பரிசோதனைகளுக்காகத்தான் சாப்பிடாமல் வரச் சொல்லியிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் அவை வேண்டுமா, நேரத்தைத் தள்ளி வைக்கலாமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். பரிசோதனை நாளில் காலை மாத்திரையைப் போடலாமா என்பதையும் கட்டாயம் கேளுங்கள். மருந்தை வீட்டுக்கே அனுப்பும் சேவை பலதுறை மருந்தகங்களில் உண்டு, ஒரு பயணம் மிச்சம். பையில் எப்போதும் நாலு குளூக்கோஸ் மிட்டாய் இருக்கட்டும்.

தெங்கா_மாடி11

எல்லாருக்கும் நன்றி. அத்தை நன்றாக இருக்கிறார், அண்ணா. தாதி தங்கை சொன்னபடி தொலைபேசியில் கேட்டேன், அடுத்த பரிசோதனையைப் பத்தரை மணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், இந்த முறை சாப்பிட்டுவிட்டே வரலாமாம். ஒரு போன் போட்டிருந்தால் போதும், எனக்குத் தோன்றவே இல்லை.

நோட்டு நேற்று ஆரம்பித்துவிட்டது. செவ்வாய், 7.12 பஸ்: ஏறாமல் நின்றவர்கள் ஒன்பது, தள்ளுவண்டி இரண்டு. 7.24: நாலு பேர். என் கீழ்வீட்டுச் சீன அக்கா இன்றைக்கு நின்றார். வெள்ளிக்கிழமை காலைக்கு இன்னும் ஆள் இல்லை. பிளாண்டேஷன் பக்கம் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள், நோட்டை வந்து கொடுக்கிறேன்.