சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்: லண்டன் மேசனிக் லாட்ஜுக்குள் போவது எப்படி?

சகோதரர்களே, ராயபுரத்திலிருந்து எழுதுகிறேன். ஃப்ரீமேசன் சகோதர அமைப்பின் இந்தியத் தலைமையான கிராண்ட் லாட்ஜ் ஆஃப் இந்தியாவின்கீழ் மாஸ்டர் மேசன், அதாவது மூன்றாம் படி உறுப்பினர். அடுத்த மாதம் லண்டனில், யுனைடெட் கிராண்ட் லாட்ஜ் ஆஃப் இங்கிலாந்தின் கீழுள்ள ஒரு லாட்ஜில் (மேசன்களின் கிளையில்) சடங்குக்கும் அதன்பின் ஃபெஸ்டிவ் போர்டு என்ற விருந்துக்கும் செல்ல வேண்டும்.

கிராண்ட் லாட்ஜ் சான்றிதழில் 'கே.' என்ற இனிஷியலோடு பெயர். பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுதாக, குடும்பப்பெயர் கட்டத்தில். அந்த லாட்ஜ் செயலாளர் இதைத்தான் கேள்வி கேட்கிறார். நியாயம்தான்; முன்பின் தெரியாதவரை டைலர் என்ற வாயிற்காவலர் கதவுக்குள் விடக்கூடாது.

சந்தா பாக்கியில்லை என்ற கடிதம் வாங்கி அனுப்பினேன், அதிலும் இனிஷியல்தான். இரு பெயரும் ஒருவரே என்று அனுப்பிய நோட்டரி பிரமாணப் பத்திரத்துக்கு மூன்று வாரமாகப் பதிலில்லை. சான்றிதழில் உள்ள கையெழுத்தும் பாஸ்போர்ட் கையெழுத்தும் ஒன்றுதான். மேசன்தானா என்று சோதிக்கும் சைகை, கைப்பிடி, சொல் பரீட்சைக்குத் தயார்.

டெல்லி கிராண்ட் செக்ரட்டரி அலுவலகத்திலிருந்து லண்டனுக்கு நேரடியாகக் கடிதம் போனால் போதுமா, திருத்திய புதுச் சான்றிதழே வாங்கவேண்டுமா?