ரஸ்ட் மொழியில் முதல் டிரைவர்: எந்த வன்பொருளில் தொடங்குவது?

நீடாமங்கலத்து மாணவன்

வணக்கம். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஓராண்டாக ரஸ்ட் என்ற நிரல்மொழியைப் பழகிவருகிறேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு அந்த மொழியில் ஒரு டிரைவரையாவது (வன்பொருளை இயக்கும் நிரல்) என் கையால் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம். எங்கள் வயலுக்கு வரும் வாய்க்காலில் நீர்மட்டத்தை அளப்பதற்காக ஹெச்.சி.எஸ்.ஆர்.04 என்ற மீயொலி உணரியை வாங்கி வைத்திருக்கிறேன். மேட்டூர் அணை திறந்து, ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பைத் தாண்டித் தண்ணீர் வருவதற்குள் அதற்கான டிரைவரை முடித்துவிடலாம் என்று எண்ணினேன். மடிக்கணினியின் வைஃபை அட்டைக்கு எழுதிப் பார்க்கும்படி நண்பர் ஒருவர் சொல்கிறார். என்னிடம் ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி ஒன்றும் இருக்கிறது. எதில் தொடங்குவது நல்லது?

வெண்ணாற்றங்கரை

தம்பி, வைஃபை எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அந்த அட்டைக்குள் தனிச் செயலியும் அதற்குரிய ஃபர்ம்வேரும் (வன்பொருளுக்குள்ளேயே ஓடும் நிரல்) இயங்குகின்றன. முழுமையான டேட்டாஷீட் (சில்லின் விவரக்குறிப்பு) பெரும்பாலும் பொதுவில் கிடைக்காது.

மீயொலி உணரி பார்வைக்கு எளியது. ஆனால் அதற்கு 10 மைக்ரோவினாடித் துடிப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டு, எதிரொலிக் கம்பி எவ்வளவு நேரம் உயர்நிலையில் நிற்கிறது என்று அளக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 58 மைக்ரோவினாடிதான் கணக்கு. அளவு தவறாக வந்தால், பிழை உங்கள் நிரலில் இருக்கிறதா, இன்டரப்ட் (சாதனம் செயலியை அழைக்கும் குறிப்பு) தாமதத்தில் இருக்கிறதா, அலையடிக்கும் நீர்ப்பரப்பில் இருக்கிறதா என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. முதல் டிரைவருக்கான வன்பொருளை நான் இந்த ஒரு கேள்வியைக் கொண்டே தேர்ந்தெடுப்பேன்: தவறு நேரும்போது அது என் நிரலின் தவறுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? (அந்த உணரியின் எதிரொலிக் கம்பி 5 வோல்ட் தரும், ராஸ்பெரி பையின் இணைப்புக் கால்களோ 3.3 வோல்ட்டுக்கானவை; இரண்டு ரெசிஸ்டர் வைத்து மின்னழுத்தத்தைக் குறைக்காமல் இணைத்துவிடாதீர்கள்.)

ரஸ்ட் என்பதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2022 டிசம்பரில் வெளியான 6.1 கெர்னலில்தான் அந்த மொழிக்கான அடித்தளம் சேர்ந்தது. முதல் டிரைவர் 2024 மார்ச்சில் வெளியான 6.8-இல் வந்தது. அது ஏசிக்ஸ் நிறுவனத்தின் ஈதர்நெட் ஃபை சில்லுக்கானது (கம்பிவழி வலைப்பின்னலின் சமிக்ஞைகளைக் கையாளுவது). அதே சில்லுக்கு சி மொழி டிரைவர் ஏற்கெனவே இருந்ததால், இரண்டையும் அருகருகே வைத்துச் சரிபார்க்க முடிந்தது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் வன்பொருள் எந்த பஸ்ஸில் (சாதனங்களைச் செயலியோடு இணைக்கும் வழி) இருக்கிறதோ அந்த பஸ்ஸுக்கான ரஸ்ட் இடைமுகம் உங்கள் கெர்னலில் இல்லையென்றால், நீங்கள் எழுதப்போவது டிரைவராக இருக்காது. சி கெர்னலுக்கும் ரஸ்ட்டுக்கும் இடையிலான பாலத்தைத்தான் முதலில் கட்ட வேண்டியிருக்கும், அது பல மடங்கு கடினம். ஆகவே கெர்னல் மூலநிரலில் ரஸ்ட் மாதிரி நிரல்கள் உள்ள கோப்புறையை முதலில் திறந்து பாருங்கள். அங்கே பிசிஐ என்ற பஸ்ஸுக்கான மாதிரி ஒன்று உண்டு. அது க்யூஎமு என்ற மென்பொருள் உருவாக்கும் போலிக் கணினியில் உள்ள சோதனைச் சாதனத்துக்காக எழுதப்பட்டது.

அதே க்யூஎமுவில் ‘எடியூ’ என்ற பிசிஐ சாதனமும் இருக்கிறது. செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழகத்தில் பாடத்துக்காகவே உருவாக்கியது. ஒரு ரெஜிஸ்டரில் (சாதனத்தின் சிறு நினைவிடம்) எழுதிய எண்ணின் பிட்டுகளை எல்லாம் 0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் புரட்டித் திருப்பித் தரும். இன்னொன்று ஃபேக்டோரியல் (1 முதல் அந்த எண் வரையிலான பெருக்கல்) கணக்கிடும். இன்டரப்டும் டிஎம்ஏவும் உண்டு. டிஎம்ஏவைக் கடைசிக்கு வையுங்கள். நினைவகத்தில் சாதனம் தானாக எழுதுவதை ரஸ்ட்டின் கம்பைலர் அறியாது. அந்த நேரத்தில் அந்த இடம் யாருக்குச் சொந்தம் என்பதை நீங்கள்தான் வகுத்துத் தர வேண்டும். ரெஜிஸ்டர்களோடு மட்டும் நின்றால், அன்சேஃப் பகுதி (கம்பைலர் பாதுகாப்பை உறுதிசெய்யாத இடம்) எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெளிவாக விளங்கும்.

குடமுருட்டி

மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனாலும் போலிச் சாதனத்தோடு நின்றுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. க்யூஎமுவில் கம்பி தளர்வதில்லை. நான் மூன்று நாள் என் நிரலில் தேடிய பிழை கடைசியில் பிரெட்போர்டு (சோதனைக்காகக் கம்பி செருகும் பலகை) கம்பி ஒன்றில் இருந்தது. அதற்குப் பிறகுதான் நிரலைத் தொடும் முன் வன்பொருளைத் தனியே சோதிக்கப் பழகினேன்.

இரண்டாவது வன்பொருளாக டிஎஸ்3231 கடிகாரச் சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ2சி என்ற இருகம்பி பஸ்ஸில் அதன் முகவரி ஹெக்ஸ் (16-அடி எண்முறை) 68. நேரமும் தேதியும் முதல் ஏழு ரெஜிஸ்டர்களுக்குள் அடங்கிவிடும். மின்சாரம் போனாலும் பட்டனைப் போன்ற சிறு பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், நம் ஊருக்கு அது பயன்படும். டிரைவர் எழுதும் முன் ஐ2சி கருவிகளால் சில்லு பதில் சொல்கிறதா என்று பார்த்துவிடலாம். நிமிடம் 59 என்றால் ரெஜிஸ்டரில் ஹெக்ஸ் 59 என்றே இருக்கும். அதைச் சாதாரண எண்ணாகக் கருதினால் 89 ஆகிவிடும். இந்த வகை எண்ணுக்கு ரஸ்ட்டில் தனி டைப் (தரவு வகை) ஒன்று வரையறுத்துவிட்டால், மாற்றாமல் பயன்படுத்த முயலும்போது கம்பைலரே தடுத்துவிடும். புதிய மொழியின் பயனை இத்தனை சிறிய இடத்தில் கண்ணால் காண்பது அரிது.

நீடாமங்கலத்து மாணவன்

இருவருக்கும் மிக்க நன்றி. எடியூ சாதனத்தில் தொடங்கிவிட்டேன். ஹெக்ஸ் 66778899 என்று எழுதினேன், 99887766 என்று திரும்பியது. பிட்டுகள் சரியாகப் புரள்கின்றன. ஃபேக்டோரியல் மட்டும் தவறாக வருகிறது. 12 எழுதி உடனே படித்தால் 479001600 கிடைப்பதில்லை.

வெண்ணாற்றங்கரை

ஃபேக்டோரியலுக்கு நேரம் பிடிக்கும். ஹெக்ஸ் 20 இல் உள்ள நிலை ரெஜிஸ்டரில் ‘கணக்கிடுகிறேன்’ என்பதற்கான பிட் 0 ஆகும்வரை காத்திருந்து படியுங்கள். 13-க்கு விடை 32 பிட்டுக்குள் அடங்காது, ஆகவே 12-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். 66778899-இன் பைட்டுகளைப் பின்னிருந்து முன்னாக அடுக்கினாலும் 99887766 தான் வரும்; ஆகவே பிட்டுகள் புரண்டனவா, உங்கள் நிரல் பைட் வரிசையை மாற்றிவிட்டதா என்பதை அந்த எண் காட்டிக்கொடுக்காது. 66667777 எழுதிப் பாருங்கள். 99998888 வந்தால் சரி.

நீடாமங்கலத்து மாணவன்

99998888 வந்தது, ஐயா. நிலை பிட்டுக்குக் காத்திருந்ததும் 479001600-உம் கிடைத்துவிட்டது. அடுத்து இன்டரப்டுக்குப் போகிறேன். கடிகாரச் சில்லைத் திருச்சிக்குப் போகும்போது வாங்கிவருவேன்.